கொளஞ்சியம்மாளிடம் கிரீஸ் நிற்காது

சோப்பு நுரைக்காத ஊரில் நுரையை வரவழைத்தாள். உப்பளத்து இன்ஜின் கக்கிய கறுப்பு கிரீஸை, மாதக்கணக்கில் ஊறிக் கிடந்ததை, வெள்ளைச் சட்டையிலிருந்து பிரித்தெடுத்தாள். புருஷன் செத்த பிறகு மாமியார் வீட்டில் அவளுடைய பாயைச் சுருட்டி வெளியே வைத்தார்கள்; அதே பாயைக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து தொழிலைத் தொடங்கினாள். "நம்ம ஜனத்துல எவளாவது ஊரான் துணியத் தொடுவாளா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களையே கல்யாண வேட்டியும் கையுமாக வரிசையில் நிற்க வைத்தாள். பெரிய டிரை கிளீனிங் கடையில் 'இது போகாது' என்று திருப்பிக் கொடுத்த பட்டுப்புடவை இவளிடம் வந்தது. கறை போயிற்று. புடவை இருக்கிறது.

இப்போதும் யாராவது சட்டையை நீட்டினால் கொளஞ்சியம்மாள் கையில் வாங்க மாட்டாள். பழைய வெள்ளைத் துண்டு விரித்த மேசையைக் காட்டி, "அங்க போடு" என்பாள். போட்டவன் கையை எடுப்பதற்குள் குனிந்து மோந்துவிடுவாள். "செயின் கிரீஸு." இன்னொன்று. "இது டீசலு." மூன்றாவது ஆள் வாய் திறந்து, சைக்கிளில் வரும்போது பட்டது என்று ஆரம்பித்தால், "சைக்கிள்ல எப்பலேருந்துபா பிரியாணி குண்டான் கட்றாங்க" என்பாள். வந்தவன் சிரித்துவிடுவான். வீட்டுக்குத் தெரியாமல் தின்ற பிரியாணியை இவளிடம் மறைக்க முடியாது.

அடுத்து ஒரு கேள்வி வரும். அதுதான் பரீட்சை.

"தண்ணி ஊத்தினியா?"

"லேசா அலசினேன்க்கா."

"லேசான்னா? குளிப்பாட்டி இட்டுனு வந்திருக்க. அப்புறம்?"

"உப்பு போட்டுத் தேய்ச்சேன்."

அவ்வளவுதான். கொளஞ்சியம்மாள் நாற்காலியில் சாய்ந்து, ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்து, "இன்னொருத்தன் வந்துட்டாம்பா" என்பாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு உப்பின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மீன் கெடாமலிருக்க உப்பு, பல்வலிக்கு உப்பு, கண்பட்டால் சுற்றிப்போட உப்பு. ஆகவே கறைக்கும் உப்பு. வாசலைத் தாண்டினால் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிற பொருள்தானே, ஒரு கை அள்ளிப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். கல்லுப்பு நூலை அறுக்கும். அறுந்த நூலுக்குள் கிரீஸ் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அப்புறம் கிணற்றுத் தண்ணீர். கரிக்கிற அந்தத் தண்ணீரில் சோப்பு பால் திரிந்த மாதிரி திரிந்து, கறையின்மேல் பூசிக்கொள்ளும். அப்புறம் வெயில்.

"உப்பு குழி வெட்டுது, தண்ணி மண்ணு தள்ளுது, வெயிலு மேல சிமெண்ட் பூசுது" என்பாள் கொளஞ்சியம்மாள். "பொணத்தப் பொதைக்கிற மாதிரி கறையப் பொதைச்சிட்டு, அப்புறம் எங்கிட்ட எட்த்தாந்து எழுப்பிக் குடுன்னு கேப்பானுங்க."

திட்டுவாளே தவிர, துணியைத் திருப்பி அனுப்ப மாட்டாள்.

அவளுக்கு மட்டும் இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், அண்ணன் பாவாடையின் சட்டைகளைக் கெடுத்துத் தெரிந்தது. பாவாடை உப்பளத்தில் இன்ஜின் பார்க்கிறவன். கழிவெளி ஏரியின் உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைக்கிற டீசல் இன்ஜினோடு அவனுக்குப் பாதி வாழ்க்கை போயிற்று. சட்டையில் கிரீஸ் இல்லாத நாள் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். கொளஞ்சியம்மாள் அதே அளத்தில் உப்பு வாரினாள், தலையில் சுமந்தாள். மழை பிடித்துக்கொண்டால் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் அண்ணன் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவள் போராடுவாள். முதலில் அவளும் உப்பைத்தான் போட்டாள். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பாவாடை அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். "காத்து வருது, நல்லாத்தான் இருக்குது" என்றான். அந்தப் பேச்சுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குறை சொல்லியிருந்தால் விட்டிருப்பாள்.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். கிரீஸின்மேல் தண்ணீரே காட்டக்கூடாது என்பது முதலில் பிடிபட்டது. காலாவதியான ஏடிஎம் அட்டையால் மேலாகச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் உள்ளே போகும். சலித்த அரிசி மாவையோ முகப்பவுடரையோ தூவி, அது எண்ணெயைக் குடித்துப் பழுப்பாகும்வரை காத்திருந்து, தட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகும் நிற்கிற கறுப்புக்குத் தேங்காயெண்ணெய். எண்ணெய்க் கறைக்கு எண்ணெயா என்று வந்தவர்கள் பதறுவார்கள். "திருடனப் புடிக்கத் திருடனத்தான் அனுப்பணும்" என்பாள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பழந்துணி வைத்து, பின்பக்கத்திலிருந்து விரலால் ஒற்றுவாள். முன்பக்கம் தேய்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "வந்த வழியா அனுப்பணும். இந்தப் பக்கம் குத்தினா அந்தப் பக்கம் ஓடும், வெளிய போவாது." கடைசியில் பாத்திரம் கழுவுகிற சோப்பு, அடம்பிடித்தால் ஷாம்பு. "தலை எண்ணெய எடுக்கிறது சட்டை எண்ணெய எடுக்காதா? ரெண்டும் எண்ணெதான, ஒன்னு மேல இருக்குது, ஒன்னு கீழ இருக்குது."

காய்வது நிழலில். ஈரத்தில் கறை ஒளிந்துகொள்ளும். காய்ந்த பிறகுதான் முகம் காட்டும். அதனால் காய்ந்ததும் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். நிழலாட்டம் ஏதாவது தெரிந்தால், மறுபடி மாவு, மறுபடி எண்ணெய். முழுதாகப் போன பிறகுதான் வெயில், அதற்கப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி.

மிச்சமிருந்தது தண்ணீர். பிரம்மதேசம் பக்கமிருந்து வருகிற டேங்கர் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கித் துவைத்தால் கட்டுபடியாகாது. அவள் பாய் விரித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏடிஎம் அறை. அதன் ஏசி குழாயிலிருந்து பகலெல்லாம் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சுவரைப் பாசி பிடிக்க வைத்திருந்தது. ஒருநாள் அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. ஒரு துளி சோப்பைத் தேய்த்தாள். பூத்தது.

அன்றிலிருந்து குழாயடியில் அவளுடைய நீலப் பக்கெட் உட்கார்ந்தது. காவலுக்கிருந்தவர், "ஏம்மா, இது பேங்க் தண்ணிம்மா" என்று கேட்டுப் பார்த்தார்.

"கணக்குல வரவு வெச்சிருக்காங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப எனக்கு வரவு."

சொந்தத்தில் பேச்சு எழுந்தது. பெரியவர் ஒருவர் வந்து, சாதி என்ன, நாம் செய்கிற காரியமா இது, உப்பு வாரினாலும் கௌரவம் உண்டு என்று நீட்டி முழக்கினார். கொளஞ்சியம்மாள் குனிந்து ஒற்றிக்கொண்டே கேட்டாள். அவர் முடித்ததும், "தொவைக்கிறவங்க இல்லன்னா ஊரே நாறும் பெரியப்பா. அந்த வேலைல என்னா கொறச்சலு?" என்றாள். பிறகு, "உங்க சாதிய வரச்சொல்லுங்க. இந்தக் காலர்ல இருக்கிற கிரீஸ எடுத்துடட்டும், நான் பாயச் சுருட்டிக்கிறேன்" என்றாள். பெரியவர் எழுந்து போனார். அடுத்த வருஷம் அவர் பேத்தியின் நிச்சயதார்த்தப் புடவையில் கார் கதவுக் கீலின் கிரீஸ் அப்பிக்கொண்டது. புடவையை அவர்தான் எடுத்து வந்தார். கொளஞ்சியம்மாள் பழைய பேச்சை எடுக்கவில்லை. "தண்ணி ஊத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் பாய் விரித்திருந்த காலி மனையில் ஆல்பர்ட் வரிசையாகக் கடைகள் கட்டினார். வெளிநாட்டில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர். அதுதான் சங்கடம், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஏடிஎம் அறையை ஒட்டிய கடைசிக் கடை உனக்குத்தான் என்று அவரே சொன்னார். ஒரே நிபந்தனை, வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாதவர்களுக்கு வாசலிலும் இடம் கிடையாது. மழைக்காலம் வந்தால் தார்ப்பாய்க்குக் கீழே துணி எதுவும் காயாது. அந்தக் கடையை விட்டால் ஏசி தண்ணீரும் போயிற்று, தொழிலும் போயிற்று.

ஒப்பந்தம் எழுத ஆல்பர்ட் வீட்டுக்குப் போன அன்று பாவாடையும் கூடப் போனான். கொளஞ்சியம்மாளின் கொழுந்தன் கௌதமனும் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை போட்டுச் செல்போன் கவர் விற்கிறவன். அண்ணிக்குத் துணையாக வந்ததாகச் சொன்னான்.

ஆல்பர்ட் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். கொளஞ்சியம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கே போனாலும் இடது கட்டைவிரல்தான். முதலில் ஒரு வெற்றுத்தாளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் வெறும் வட்டம்.

"என்னம்மா, ரேகையே விழல?"

"உப்பு பாதி தின்னுடிச்சி சார், சோப்பு மீதி தின்னுடிச்சி. ரேஷன் கடை மெஷினே என்னப் பார்த்தா மூஞ்சத் திருப்பிக்குது."

ஆல்பர்ட் தாளைத் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா, இது உன் கைநாட்டுதான்னு எவன் சொல்லுவான்? வக்கீல் ஒத்துக்க மாட்டாரும்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "கௌதமன் பேர்ல போட்டுடலாமா? கடை என்னிக்கும் உன்னுதுதான்" என்றார்.

"ஆமா அண்ணி" என்றான் கௌதமன். அவன் பேனாவைக் கையோடு கொண்டு வந்திருந்தான். "பேரு சும்மா ஒரு இதுக்குத்தான். முன்னாடி நான் செல்போன் கவர் மாட்டிக்கிறேன். பின்னாடி நீ பாட்டுக்குத் தொவைச்சிக்க."

"பின்னாடி."

"ஆமா, எடம் தாராளமா இருக்குது."

கொளஞ்சியம்மாள் மடியிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைக் கட்டைவிரலில் விட்டு, முந்தானை நுனியால் ஒற்றினாள். மை மொத்தமும் துணிக்கு வந்தது. விரலைக் கௌதமன் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"இந்தக் கறைய எடுத்துட்டேன் பாத்தியா தம்பி. உன் பேரு அந்தப் பேப்பர்ல ஏறிடிச்சின்னா, அத எடுக்கிறதுக்கு எங்கிட்ட எண்ணெ கெடையாது."

கௌதமன் பாவாடையைப் பார்த்தான். பாவாடை சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தான்.

"சார், நான் கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவீங்களா?"

"போட்டா ஏம்மா ஒத்துக்க மாட்டேன்?"

"உனக்குத்தான் எழுத வராதே அண்ணி" என்று கௌதமன் சிரித்தான்.

"கறை எடுக்கக்கூடத்தான் வராம இருந்துது. பேப்பர அப்பிடியே வையுங்க சார். மழைக்கு முன்னால வர்றேன்."

ஆல்பர்ட் அரைமனதாகத் தலையாட்டினார். அந்தக் கடையை மருந்துக் கடைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், மழை தொடங்கிவிட்டால் தம்மால் நிறுத்திவைக்க முடியாது என்றும் சொல்லியனுப்பினார்.

எட்டாவது வரை படித்த பாவாடை ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி வந்தான். அவளுக்கு அது சரிப்படவில்லை. பென்சில் அவள் விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. கரைந்து சீவலாகிப்போன சோப்புத் துண்டைத்தான் எடுத்தாள். அது பழகிய பிடி. லாரி மெக்கானிக் ஒருவரின் கருநீலப் பேண்ட்டை மேசைமேல் விரித்து, "இதுல எழுதிக் காட்டு" என்றாள். பாவாடை முழங்காலுக்கு மேலே பெரிதாக எழுதினான். கையைப் பிடித்து எழுத வைக்கப் போனவனைத் தட்டிவிட்டாள். "கையப் புடிக்காத. நீ புடிச்சா அது உன் எழுத்து."

கறைக்கு நடத்துகிற விசாரணையையே எழுத்துக்கும் நடத்தினாள். எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே முடிகிறது.

"இதென்னா, என் பேருக்கு முன்னால?"

"கொம்பு."

"எழுத்துக்கு முன்னாலயே கொம்பா?"

"உனக்குக் கொம்பு இருக்குன்னு ஊருக்கே தெரியும், எழுதினா என்னா" என்றான் பாவாடை.

'ஞ்' அவளைப் படாத பாடு படுத்தியது. சுழித்து, வளைந்து, திரும்பி, அவள் எங்கே விட்டாலும் வேறெங்கோ போய் நின்றது. "இந்தப் பேரு வெக்கிறதுக்கு முன்னால உங்கப்பன் ஒரு வாட்டி எழுதிப் பாத்திருக்கக் கூடாதா?" "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தான்" என்பான் பாவாடை. குறி கேட்டு, நேர்ந்துகொண்டு, சாமி பேரை வைத்தவர். எழுத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. 'கொளஞ்சி' வரைக்கும் போட்டால் போதும், கையெழுத்துதானே என்று பாவாடை சொல்லிப் பார்த்தான். "பாதிப் பேரு போட்டா பாதிக் கடைதான் குடுப்பாங்க" என்றாள்.

துணி வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். "இருப்பா, 'ஞ்' வந்துனு இருக்குது" என்று நிறுத்திவைப்பாள். மெக்கானிக்குகளின் பேண்ட்டுகள் எல்லாம் கொளஞ்சியம்மாள் ஆயின. தொடையிலும் முழங்காலிலும் பின்பக்கத்திலும் அவள் பேர் வெள்ளை வெள்ளையாக ஏறும். ஏசி தண்ணீரில் நுரைத்துக் காணாமல் போகும். மறுபடி எழுதுவாள். ஒருநாள் சோப்பை வைத்துவிட்டு, கௌதமன் மேசைக்குப் போய், "பேனா ஒன்னு குடு" என்று கேட்டு வாங்கி வந்தாள். அவன் கொடுத்துவிட்டான். வேறென்ன செய்வான்.

புரட்டாசி பாதிக்கு மேல் ஆகியிருந்தது. கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. அளத்தில் இன்ஜின்களைக் கழற்றிக் கரையேற்றத் தொடங்கிவிட்டார்கள். பாவாடை உடம்பெல்லாம் கிரீஸாக அப்படியே வந்து நின்றான். அவனைக் கூட்டிக்கொண்டு அவள் ஆல்பர்ட் வீட்டுக்குப் போனாள்; கௌதமனும் வந்தான்.

"மாளயபட்சம் அண்ணி. ரெண்டு நாள்ல அமாவாச வேற. யாராவது இப்ப போயி கடை எழுதுவாங்களா? தீவாளி கழியட்டும்."

"கறைக்கு நாள் பாத்துனு இருந்தா அது நெரந்தரமா குடியேறிடும்" என்றாள். ஆல்பர்ட்டைப் பார்த்து, "நீங்க வையுங்க சார்" என்றாள்.

ஆல்பர்ட் முத்திரைத்தாளை வைத்தார். பழக்கத்தில் மைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். அவள் அதன் மூடியைச் சாத்தி, விரல் நுனியால் மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் அடி வைத்த பாவாடை, தன் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். அவளே இடது முழங்கையைத் தாளின்மேல் ஊன்றிக்கொண்டாள்.

கொம்பு விழுந்தது. 'க' விழுந்தது. 'ஞ்' கொஞ்சம் சாய்ந்தாலும் நின்றது. 'கொளஞ்சி' முடிந்ததும், "போதும்மா, போதும்" என்றார் ஆல்பர்ட். அவள் நிமிரவில்லை. எழுத்துகள் கோட்டை விட்டு மேலேறிக்கொண்டே போயின. கடைசி 'ள்' தாளின் கௌதமன் பக்கத்து ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன் புள்ளியை அவள் அழுத்தி வைத்ததில் தாள் லேசாகக் குழிந்தது.

ஆல்பர்ட் தாளைத் தம் பக்கம் இழுத்து, கையெழுத்துக்குக் கீழே தேதி போடுவதற்காகப் பேனாவைக் கேட்டுக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு என்னா தேதி சார்?"

அவர் சொன்னார். துணிகளுக்கு நம்பர் போட்டுப் போட்டு எண்கள் அவளுக்குப் பழகியவை. அவை கோணவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே, நிதானமாக, நேர்க்கோட்டில் எழுதினாள்:

12.10.2023